முறிந்தது தொடையில், பழுது கழுத்தில்

ரெட்டியார்பாளையத்தில் நடந்த பொதுமக்கள் கூட்டமொன்றில் ஓய்வுபெற்ற எலும்பு மருத்துவர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்



வெளியே விழுப்புரம் சாலையில் போகிற பஸ் சத்தம் இந்த மேடை வரைக்கும் கேட்கிறது. என் கைக்கு வந்த எலும்பு முறிவுகளில் பெரும்பங்கு அந்தச் சாலை கொடுத்ததுதான். இந்திரா காந்தி சிலையிலிருந்து மூலக்குளம் வரைக்கும் பைக்கில் விழுந்தவர்கள், லாரி உரசியவர்கள், மழைத் தண்ணீரில் பள்ளம் தெரியாமல் வண்டியை விட்டவர்கள். அந்த முறிவுகளுக்குக் காரணம் தேட வேண்டியதில்லை. இரும்பு மோதியது, எலும்பு உடைந்தது. கம்பியோ பிளேட்டோ வைத்தோம், மாவுக்கட்டு போட்டோம், மூன்று மாதத்தில் நடந்து போனார்கள்.

இன்று நான் பேச வந்தது வேறு மாதிரி முறிவு. வாளியைத் தூக்கும்போது முறிகிற கை. பஸ் படியிலிருந்து காலை இறக்கும்போது முறிகிற தொடை. விழவே இல்லாமல் ஏற்படுகிற முறிவு. அதைக் கட்டிவிட்டு அனுப்பிவிடுவது பெரிய தவறு. அந்தத் தவறை நானே செய்திருக்கிறேன், அதனால்தான் இதைப் பேச எனக்குக் கடமை இருக்கிறது என்று நினைக்கிறேன்.

ஒரு அம்மா வந்தார். நாற்பது வயது ஆகவில்லை. அடையாளம் தெரியக்கூடாது என்பதற்காக ஊர், தொழில் எதையும் சொல்லவில்லை. தண்ணீர் வாளியைத் தூக்கியபோது மேல்கை எலும்பு மளுக்கென்று முறிந்துவிட்டது. "கையில சத்தே இல்லைங்க ஐயா, ரெண்டு வருஷமா உடம்பு பூரா வலி" என்றார். நான் பிளேட் வைத்தேன். பிளேட் வைக்கும்போது எலும்பில் துளை போட வேண்டும். நல்ல எலும்பு துளைக்கருவியை எதிர்க்கும். வெளிச்சுவரைத் தாண்டும்போது கைக்கு ஒரு தட்டுத் தெரியும், உட்புறச் சுவரில் இன்னொரு தட்டு. அன்று எதுவும் தட்டவில்லை. நனைந்த ரஸ்க்கில் ஊசி இறங்குவது போல இறங்கியது. என் கைக்கு அது தெரிந்தது. ஆனாலும் நான் அதன் மேல் நின்று யோசிக்கவில்லை. "எலும்பு பலவீனமா இருக்கும்மா" என்று சொல்லி, கால்சியம் மாத்திரையும் வைட்டமின் டி ஊசியும் எழுதிக் கொடுத்து அனுப்பினேன். எட்டு மாதத்தில் தொடை எலும்பு முறிந்து திரும்பி வந்தார்.

இரண்டாம் முறை எங்கள் வார்டில் படித்துக்கொண்டிருந்த ஒரு இளம் டாக்டர் மெதுவாகக் கேட்டார்: "சார், இவங்களுக்கு ரத்தத்துல கால்சியம் பார்த்தோமா?" பார்க்கவில்லை. உடனே பார்த்தோம். ஒரு டெசிலிட்டருக்கு 8.5 முதல் 10.5 மில்லிகிராம் வரை இருக்க வேண்டியது, 12.9 இருந்தது. எலும்பு உளுத்துப்போய்க் கிடக்கிறது, ரத்தத்தில் கால்சியம் வழிகிறது. நானோ அதற்கு மேல் கால்சியம் கொடுத்திருக்கிறேன்.

இது எப்படி நடக்கிறது என்பதைச் சொல்கிறேன். உங்கள் பாட்டி வீட்டில் நெல் குதிர் பார்த்திருப்பீர்கள். ஒரு வயது வந்த மனித உடம்பில் ஏறக்குறைய ஒரு கிலோ கால்சியம் இருக்கிறது. அதில் 100க்கு 99 பங்கு எலும்பிலும் பல்லிலும் இருக்கிறது. அதுதான் குதிர். ரத்தத்தில் ஓடுவது மொத்தமாக அரை கிராம்கூடத் தேறாது. அது அன்றாட உலைக்கு அளந்து எடுத்த படி அரிசி. ஆனால் அந்தச் சிறு அளவை நம்பித்தான் இதயம் துடிக்கிறது, தசை சுருங்குகிறது, நரம்பு சேதி அனுப்புகிறது. அந்த அளவு கொஞ்சம் குறைந்தாலும் கை இழுத்துக்கொள்ளும், கொஞ்சம் கூடினாலும் உடம்பு தள்ளாடும். அதனால் குதிரைத் திறந்து அளந்து போட ஒரு காவல்காரர் வேண்டும்.

அந்தக் காவல் வேலையைப் பார்ப்பவைதான் பாராதைராய்டு சுரப்பிகள். கழுத்தின் முன்பக்கம் தைராய்டு இருக்கிறது அல்லவா, அதன் முதுகுப்புறம் ஒட்டிக்கொண்டு நான்கு சுரப்பிகள் இருக்கும். ஒவ்வொன்றும் துவரம்பருப்பு அளவு, எடை 50 மில்லிகிராமுக்குள். பெயரில் தைராய்டு இருப்பதால் பலர் இரண்டையும் ஒன்றென்று நினைக்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள் என்பதைத் தவிர இரண்டுக்கும் உறவில்லை. தைராய்டு டெஸ்ட் நார்மல் என்று வந்த ஒருவருக்குப் பாராதைராய்டு பழுதாக இருக்கலாம். கழுத்தைத் தடவிப் பார்த்தாலும் பெரும்பாலும் கைக்குத் தட்டுப்படாது.

ரத்தத்தில் கால்சியம் குறைந்தால் இந்தச் சுரப்பிகள் பாராத்தார்மோனை விடும். அது எலும்பிலிருந்து கால்சியத்தை எடுக்கும், சிறுநீரில் போவதைத் தடுக்கும், வைட்டமின் டியைத் தூண்டிவிட்டுக் குடலிலிருந்து கூடுதலாக உறிஞ்ச வைக்கும். போதுமான அளவு சேர்ந்ததும் சுரப்பி அடங்கிவிடும். நோய் வரும்போது நான்கில் ஒன்று, பெரும்பாலும் ஒன்றே ஒன்று, கட்டியாக வளர்ந்து அடங்க மறுக்கிறது. பெரும்பாலும் அது புற்றுநோய்க் கட்டி கிடையாது, சாதாரணக் கட்டிதான். ஆனால் ரத்தத்தில் கால்சியம் நிரம்பி வழிந்தாலும் அது குதிரைத் திறந்துகொண்டே இருக்கும். எலும்பு கரையும். கரைந்தது சிறுநீரகத்தில் போய்க் கல்லாகப் படியும். அந்த அம்மாவுக்கு மூன்று வருடத்துக்கு முன்பு வேறு இடத்தில் கிட்னிக் கல் எடுத்திருந்தார்கள். எந்நேரமும் தாகம், மலச்சிக்கல், எதிலும் மனம் ஓடாத சோர்வு. வீட்டில் சோம்பேறி என்று பெயர் வாங்கியிருந்தார். கல்லுக்கு ஒரு டாக்டர், வயிற்றுக்கு ஒரு டாக்டர், எலும்புக்கு நான். மூன்று பேரிடமும் ஒரே நோயின் மூன்று துண்டுகள் இருந்தன.

இந்தச் சுரப்பியின் வரலாறே ஒரு கதை போல இருக்கும். இதை முதலில் பார்த்தது மனித உடம்பில் இல்லை. லண்டன் மிருகக்காட்சிசாலையில் இறந்துபோன ஒரு இந்தியக் காண்டாமிருகத்தை ரிச்சர்ட் ஓவன் அறுத்துப் பார்த்தபோது, 1850 வாக்கில், தைராய்டோடு ஒட்டிக்கொண்டிருந்த சிறு மஞ்சள் உருண்டையைக் குறித்து வைத்தார். நம் நாட்டு விலங்கு என்பதில் எனக்கு ஒரு தனிப் பிரியம். மனித உடம்பில் கண்டுபிடித்து எழுதியவர் சுவீடனின் உப்சாலாவில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்த ஐவார் சாண்ட்ஸ்ட்ரோம். ஆண்டு 1880. அவர் காலத்தில் யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. முப்பத்தேழு வயதில் அவர் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார்.

நான் அதிகம் சொல்ல விரும்புவது வியன்னாவில் நடந்ததை. ஆல்பர்ட் யானே என்று ஒரு டிராம் கண்டக்டர். எலும்பெல்லாம் வலி, தொடை எலும்பு முறிந்து படுத்த படுக்கை. அந்தக் காலத்தில் எலும்பு கரைகிற நோயாளிகளின் உடலில் பாராதைராய்டு பெருத்திருப்பதை மருத்துவர்கள் கண்டிருந்தார்கள். கண்டதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டார்கள். எலும்பு கெட்டதால் அதற்கு உதவி செய்யத்தான் சுரப்பி பெருக்கிறது, ஆகவே இன்னும் கொஞ்சம் பாராதைராய்டு கொடுத்தால் எலும்பு தேறும் என்று நம்பினார்கள். ஃபெலிக்ஸ் மாண்டல் என்ற அறுவை மருத்துவர் யானேவுக்குப் பாராதைராய்டுச் சாற்றை ஊசியாகப் போட்டார். பலனில்லை. விபத்தில் இறந்தவரின் சுரப்பியை எடுத்து இவர் உடம்பில் வைத்தும் பார்த்தார். நிலைமை மோசமானது. அதன் பிறகுதான் மாண்டல் தன் நம்பிக்கையையே திருப்பிப் போட்டார். சுரப்பி விளைவாக இல்லாமல் காரணமாக இருந்தால் என்ன? 1925 ஜூலையில் கழுத்தைத் திறந்து கட்டியை எடுத்தார். சிறுநீரில் கொட்டிக்கொண்டிருந்த கால்சியம் நின்றது. வலி போயிற்று. சில மாதங்களில் யானே கோல் ஊன்றி நடந்தார். சில வருடம் கழித்து நோய் திரும்பியது, 1936இல் அவர் இறந்துபோனார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் முறிந்த எலும்புக்குக் கழுத்தில் வைத்தியம் உண்டு என்பது அன்று நிலைபெற்றது.

மாண்டல் முதலில் செய்த தவறும் நான் செய்த தவறும் ஒன்றுதான். எலும்பு நலிந்திருக்கிறது, ஆகவே எலும்புக்கு ஏதாவது கொடுப்போம். இன்றும் மருந்துக்கடையில் சீட்டில்லாமலே கால்சியம் வாங்குகிறோம். முட்டி வலியா, கால்சியம். கை கடுக்கிறதா, கால்சியம். தொலைக்காட்சி விளம்பரமும் அதையே சொல்கிறது. சத்துக் குறைவான ஏராளமானவர்களுக்கு அது தேவைதான், நான் மறுக்கவில்லை. ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிட்டுச் சாப்பிடுங்கள் என்கிறேன். அந்தப் பரிசோதனைக்கு ஆகும் செலவு ஒரு பிளேட்டின் விலையில் மிகச் சிறு பங்கு.

அமெரிக்காவில் 1970களில் ஒரு மாற்றம் வந்தது. ரத்தத்தை இயந்திரத்தில் போட்டால் ஒரே தடவையில் பல அளவுகளைச் சொல்லிவிடும், அதில் கால்சியமும் ஒன்று. மினசோட்டாவில் ராச்செஸ்டர் என்ற ஊரில் 1974இல் இப்படி எல்லோருக்கும் பார்க்கத் தொடங்கியதும் திடீரென்று இந்த நோய் பல மடங்கு கூடியது போலத் தெரிந்தது. நோய் கூடவில்லை, கண்ணில் பட்டது. இப்போது அங்கே பெரும்பாலோருக்கு எந்தத் தொந்தரவும் இல்லாத நிலையிலேயே தெரிந்துவிடுகிறது. பெரும்பாலும் மாதவிடாய் நின்ற பெண்கள், ஐம்பது அறுபது வயதுக்காரர்கள். எலும்பு முறிந்து வருகிற நோயாளியை அங்குள்ள இளம் மருத்துவர்கள் புத்தகத்தில்தான் பார்க்கிறார்கள்.

இங்கே நாம் வார்டில் பார்க்கிறோம். இந்த நோய்க்கென்று சண்டிகரில் உள்ள பி.ஜி.ஐ. மருத்துவமனையினர் முன்னின்று ஒரு இந்தியப் பதிவேடு வைத்திருக்கிறார்கள். ஐந்து மையங்களிலிருந்து பத்து ஆண்டுகளில் சேர்ந்த 464 நோயாளிகளைப் பற்றி 2018இல் எழுதினார்கள். சராசரி வயது 41. பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு எலும்பு வலி. பத்தில் மூன்று பேருக்குச் சிறுநீரகப் பாதிப்பு. வீட்டையும் வேலையையும் பிள்ளைகளையும் தூக்கி நிறுத்துகிற வயதில் வந்து விழுகிறார்கள். இதில் கணையம் வீங்கிக் கடும் வயிற்று வலியோடு வந்தவர்களும் உண்டு. குடிப்பழக்கமும் இல்லை, பித்தக்கல்லும் இல்லை, ஆனால் கணைய அழற்சி வந்திருக்கிறது என்றால் அங்கேயும் கால்சியத்தைப் பார்க்க வேண்டும்.

நம்மவர்களுக்கு எலும்பு ஏன் இவ்வளவு பலமாக அடி வாங்குகிறது? தாமதம் ஒரு காரணம். இன்னொன்று வைட்டமின் டி. இவ்வளவு வெயில் அடிக்கிற ஊரில் வைட்டமின் டி குறைவா என்று கேட்பீர்கள். திருப்பதியில் மருத்துவர் ஹரிநாராயணும் குழுவினரும் 2007இல் வெளியிட்ட ஆய்வில் நோயில்லாத தென்னிந்தியர்களிடமே அது குறைவாக இருப்பதைக் காட்டினார்கள். சாப்பாட்டில் கால்சியம் குறைவு, தானியத்தில் இருக்கும் ஃபைட்டேட் இருக்கிற கால்சியத்தையும் பிடித்து வைத்துக்கொள்கிறது என்றும் எழுதினார்கள். குதிரில் ஏற்கெனவே நெல் குறைவு. அதில் காவல்காரரும் கெட்டுப்போனால் என்ன மிஞ்சும்? இன்னொரு சிக்கலும் உண்டு. வைட்டமின் டி மிகவும் குறைந்தவரிடம் இந்த நோய் இருந்தாலும் கால்சியம் நார்மல் என்றே வரக்கூடும். டி ஏறிய பிறகுதான் உண்மை அளவு வெளியே வரும். அதனால் சந்தேகம் பலமாக இருந்தால் ஒரு டெஸ்டோடு விட்டுவிடக்கூடாது.

ரிப்போர்ட் தாளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் படித்தவர்களே ஏமாறுகிற இடம் இது. கால்சியம் 11.4 என்று இருக்கிறது, பக்கத்தில் நட்சத்திரக் குறி. பி.டி.எச். என்று எழுதியிருப்பதுதான் பாராத்தார்மோன். அது லேப் கொடுத்த எல்லைக்குள் இருக்கிறது, குறி ஏதும் இல்லை. "பி.டி.எச். நார்மல்தானே டாக்டர்" என்பார்கள். யோசித்துப் பாருங்கள். ரத்தத்தில் கால்சியம் வழிகிறபோது காவல்காரர் தூங்கியிருக்க வேண்டும். பி.டி.எச். தரையோடு தரையாக இருக்க வேண்டும். அப்போது அது நார்மலாக இருப்பதே நோய்க்குறி. இரண்டு எண்களையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். ரத்தத்தில் ஆல்புமின் என்ற புரதம் குறைந்திருந்தால் கால்சியம் கணக்கையும் திருத்திப் பார்க்க வேண்டும். அதை டாக்டர் பார்த்துக்கொள்வார். சில ரத்தக்கொதிப்பு மாத்திரைகளும், மனநலத்துக்குக் கொடுக்கிற லித்தியமும் கால்சியத்தை ஏற்றும், ஆகவே என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள்.

எக்ஸ்ரேயும் பேசும். கை விரல் எலும்பின் ஓரத்தைக் கண்ணாடி வைத்துப் பார்த்தால் நடுவிரல்களின் நடுக்கணுவில், கட்டைவிரல் பக்கத்து விளிம்பு, கறையான் அரித்த கதவு ஓரம் போல இருக்கும். மண்டையோடு உப்பும் மிளகும் தூவினாற்போலத் தெரியும். பல் வேரைச் சுற்றி இருக்க வேண்டிய வெள்ளைக் கோடு காணாமல் போயிருக்கும், அதை முதலில் பார்க்கிறவர் பல் டாக்டராகவும் இருக்கலாம். சில இடங்களில் எலும்புக்குள் பழுப்பு நிறத்தில் கட்டி போலத் திரண்டுவிடும். தாடையிலோ முழங்கால் அருகிலோ வந்தால் புற்றுநோய் என்று பயந்துவிடுவார்கள். முதுகெலும்பில் வந்தால் காசநோய் என்று மாதக்கணக்கில் மாத்திரை கொடுப்பதும் உண்டு. கழுத்துக் கட்டியை எடுத்தால் அந்தப் பழுப்புத் திரட்சி பெரும்பாலும் தானே ஆறும். எலும்பை வெட்ட முடிவு செய்வதற்கு முன் கால்சியம் பார்த்தாக வேண்டும் என்று நான் சொல்வது அதனால்தான்.

நம் பக்கத்தில் எலும்பு முறிந்தால் புத்தூர் கட்டுக்குப் போகிற வழக்கம் தலைமுறையாக இருக்கிறது. அங்கே போனவர்களைக் குறைசொல்ல நான் இங்கு வரவில்லை. கட்டு எங்கே போட்டாலும் சரி, விழாமல் முறிந்ததென்றால், இரண்டாவது முறை முறிந்ததென்றால், முறிவோடு கிட்னிக் கல்லும் சேர்ந்திருந்தால், கட்டுப் போட்ட கையோடு ரத்தம் கொடுத்துவிட்டு வாருங்கள்.

டயாலிசிஸில் இருப்பவர்களுக்கும் பாராதைராய்டு மிகையாக வேலை செய்யும். அது வேறு வழியில் வருவது. கெட்டுப்போன சிறுநீரகம் கால்சியத்தைக் குறைத்துப் பாஸ்பரஸை ஏற்றுவதால் நான்கு சுரப்பிகளும் ஓய்வில்லாமல் உழைத்துப் பெருக்கின்றன. அவர்களுக்கும் எலும்பு முறியும், ஆனால் வைத்தியம் வேறு. அதைச் சிறுநீரக மருத்துவர் ஒருவரைக் கொண்டு தனியாகப் பேச வைக்கலாம்.

வைத்தியத்துக்குப் போக இடம் தூரமில்லை. கோரிமேட்டில் ஜிப்மர் இருக்கிறது. 1823இல் பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழியில் வந்தது அது. நாளமில்லாச் சுரப்பிப் பிரிவும், சுரப்பி எங்கே ஒளிந்திருக்கிறது என்று ஐசோடோப் ஊசி போட்டுப் படம் எடுக்கிற அணு மருத்துவப் பிரிவும் அங்கே உண்டு. சென்னை மருத்துவக் கல்லூரியிலும் வேலூர் சி.எம்.சி.யிலும் நாளமில்லாச் சுரப்பிகளுக்கென்றே அறுவைப் பிரிவுகள் இருக்கின்றன. இடம் கண்டுபிடிப்பது முக்கியம், ஏனென்றால் கீழ்ச் சுரப்பி சில சமயம் நெஞ்சுக்குள் இறங்கியிருக்கும். அமெரிக்கக் கப்பல் கேப்டன் சார்லஸ் மார்ட்டெல் என்பவர் இந்த நோயில் எலும்பு நொறுங்கி ஏழு அங்குலம் குட்டையானார். ஆறு அறுவைகளில் கழுத்தில் தேடிக் கிடைக்காமல், 1932இல் ஏழாவதாக நெஞ்சைத் திறந்தபோதுதான் கட்டி அகப்பட்டது. அதற்குள் சிறுநீரகம் கெட்டிருந்தது, சில வாரங்களில் இறந்தார். இன்று பெரும்பாலும் கழுத்தில் இரண்டு விரல் அகலக் கீறல் போதும். பாராத்தார்மோன் ரத்தத்தில் சில நிமிடங்களே தங்கும் என்பதால், கட்டியை எடுத்துப் பத்து நிமிடத்தில் ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். பாதிக்கு மேல் இறங்கியிருந்தால் சரியான கட்டியைத்தான் எடுத்திருக்கிறோம் என்று பொருள்.

அந்த அம்மாவுக்கும் அறுவை நடந்தது. எடுத்த கட்டி மொச்சைக்கொட்டை அளவு இருந்தது. என் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். பழுப்பு நிறம், வழுவழுப்பு. இவ்வளவு சிறியது ஒரு பெண்ணைப் படுக்கையில் தள்ளியிருக்கிறது. மறுநாள் இரவு அவர் கூப்பிட்டார். "ஐயா, ஒதடு மரமரன்னு இருக்கு, வெரல்ல எறும்பு ஊர்றாப்ல இருக்கு." அதைத்தான் எதிர்பார்த்துக் காத்திருந்தோம். வருடக்கணக்கில் கொள்ளை போன எலும்பு, பூட்டுப் போட்ட மறுநாளே ரத்தத்தில் இருக்கிற கால்சியத்தையெல்லாம் உறிஞ்சிக்கொள்ளும். பசித்த எலும்பு என்றே மருத்துவத்தில் அதற்குப் பெயர். 12.9 இருந்த கால்சியம் 7க்குக் கீழே வந்துவிட்டது. சொட்டுச் சொட்டாக நரம்பில் கால்சியம் ஏற்றினோம், வாயிலும் மாத்திரை கொடுத்தோம். ஒரு வருடத்துக்கு முன் நான் கொடுத்த அதே மாத்திரை. அன்று கொடுத்திருக்கக் கூடாது, இப்போது கொடுத்தே ஆக வேண்டும். செவிலியர் இரவெல்லாம் விழித்திருந்து அவர் கன்னத்தைத் தட்டி உதடு இழுக்கிறதா என்று பார்த்தார். ஐந்தாறு நாள் அப்படிப் போயிற்று. அறுவை முடிந்து இரண்டாவது வாரத்தில், எலும்பு வலி குறைந்திருக்கிறது என்று அவரே சொன்னார். தொடையில் வைத்த கம்பி அப்படியே இருக்கிறது, எலும்பு அதைச் சுற்றிச் சேர்ந்துவிட்டது.

அவர் அனுமதியோடு, பெயரை மறைத்து, இரண்டு கை எக்ஸ்ரே கொண்டு வந்திருக்கிறேன். வாசல் பக்கத்து மேசையில் விளக்குப் பெட்டியில் மாட்டியிருக்கிறது. இடப்பக்கம் இருப்பது அறுவைக்கு முன் எடுத்தது, வலப்பக்கம் ஒன்றரை வருடம் கழித்து எடுத்தது. பூதக்கண்ணாடியும் வைத்திருக்கிறேன். நடுவிரலின் நடுக்கணுவை, கட்டைவிரல் பக்கத்து விளிம்பைப் பாருங்கள். முதலில் பின்வரிசையில் இருக்கும் பிள்ளைகள் பார்க்கட்டும்.